பிழையைத் தேட நேரம் கொடுங்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேசியப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். தொடக்க வகுப்புகளுக்கும் நடுநிலை வகுப்புகளுக்கும் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியை நான். பத்தொன்பது வருடமாக இதே வேலைதான். ஒரு வேலையைப் படிப்படியான விதிகளாகப் பிரித்து யோசிக்கிற கணிமைச் சிந்தனையைப் பள்ளிப் பாடத்திட்டத்தில் சேர்க்கப்போகிறீர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து மனதில் சந்தோஷமும் பயமும் ஒன்றாகவே இருக்கின்றன. சந்தோஷத்தைச் சொல்ல ஒரு வரி போதும்: வர வேண்டியதுதான், வரட்டும். பயத்தைத்தான் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு பையனின் கணக்கு நோட்டிலிருந்து தொடங்குகிறேன். மூன்றாம் வகுப்பு, கழித்தல். 52-இல் 37 போக 25 என்று எழுதியிருந்தான். 81-இல் 46 போக 45. 90-இல் 57 போக 47. மூன்றுக்கும் தப்புப் போட்டேன். நான்காவது கணக்கு, 74-இல் 31 போக 43. அது சரி. கவனக்குறைவு என்று நினைத்து, 'நன்றாகப் பார்த்துப் போடு' என்று எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுநாளும் அதே மாதிரி விடைகள். அப்புறம்தான் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொன்னேன். ஒன்றாம் இடத்தில் மேலே 2, கீழே 7. "பெரிசுலேருந்து சின்னதைத்தானே டீச்சர் கழிக்கணும்? ஏழுல ரெண்டு போனா அஞ்சு." பத்தாம் இடத்தில் ஐந்தில் மூன்று போக இரண்டு. ஆகமொத்தம் 25.

அந்தப் பையனிடம் கவனக்குறைவே கிடையாது. ஒரு விதியை வைத்துக்கொண்டு, ஓர் இடத்தில்கூட வழுவாமல் அதை நடத்தியிருக்கிறான். அந்த விதியை அவன் கையில் கொடுத்தவர்களும் நாங்களே. 'பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழி' என்று ஒன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தோம். ஓரிலக்க எண்களுக்குப் பொருந்திய விதி ஈரிலக்கத்துக்கு வந்ததும் உடைந்துபோனது. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். கழித்தலில் பிள்ளைகள் செய்கிற தப்புகளில் பல, மனம்போன போக்கில் வருபவை அல்ல. ஏதோ ஓரிடத்தில் பழுதான ஒரு படிமுறையை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை. கம்ப்யூட்டர் நிரலில் வரும் பிழைக்குச் சொல்வதுபோல 'பக்' என்றே அவற்றைக் குறிப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் பெயர் சொல்லாமல் அந்தக் கணக்குகளைப் பலகையில் எழுதினேன். "இப்படிப் போட்டவர் மனதில் என்ன விதி இருந்திருக்கும்? அதே விதிப்படி 60-இல் 18 போனால் என்ன எழுதுவார்?" என்று கேட்டேன். ஐந்து நிமிடம் சத்தமே இல்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "58!" உடனே வகுப்பு முழுக்க 58, 58 என்று ஒரே கூச்சல். ஒரு தப்பான விடையை முன்கூட்டியே சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷம் அது. ஒரு பெண் எழுந்து, "டீச்சர், மேல இருக்கிற எண் எல்லா இடத்துலயும் பெரிசா இருந்தா அந்த விதி சரியா வருது, இல்லாட்டி மாட்டிக்குது" என்றாள். நோட்டுக்குச் சொந்தக்காரப் பையன் அதைக் கேட்டுவிட்டுத் தன் விதிக்கு முன்னால் ஒரு வரி சேர்த்துக்கொண்டான்: 'முதலில் மேலே போதுமா என்று பார்.'

கணிமைச் சிந்தனை என்று நான் நம்புவது இதைத்தான். ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரிப்பது, விதியாக எழுதுவது, அந்த விதியை எழுதியபடியே செய்து ஓட்டிப் பார்ப்பது, எங்கே உடைகிறது என்று தேடுவது, திருத்துவது, மறுபடி ஓட்டிப் பார்ப்பது. அன்றைக்கு அந்த அறையில் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை.

பெயரைப் பற்றி ஒரு சின்ன விஷயம். கம்ப்யூட்டேஷனல் திங்கிங் என்பதைச் சிலர் கணினிச் சிந்தனை என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பெற்றோரும் தலைமையாசிரியர்களும் 'எத்தனை கம்ப்யூட்டர் வாங்க வேண்டும்' என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால்தான் நான் கணிமைச் சிந்தனை என்று எழுதுகிறேன். உங்கள் ஆவணத்தில் எந்தச் சொல் வந்தாலும் சரி, முதல் பக்கத்திலேயே 'இதற்குக் கருவி கட்டாயமில்லை' என்று ஒரு வரி இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இப்போது பயத்துக்கு வருகிறேன். 2006-இல் கணினியியல் அறிஞர் ஜெனட் விங் எழுதிய ஒரு சிறு கட்டுரைக்குப் பிறகு இந்தச் சொல் உலகம் முழுக்கப் பரவியது. பரவும்போது கூடவே ஒரு பட்டியலும் ஒட்டிக்கொண்டது: பகுத்தல் (சிறு துண்டுகளாகப் பிரிப்பது), பாங்கறிதல் (திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கைக் காண்பது), அருவமாக்கல் (தேவையில்லாத விவரத்தை விடுவது), படிமுறை (படிப்படியான வழி). நான்கு சொற்கள். நான் முன்பு வேலை பார்த்த பள்ளி ஒன்றில் இதைச் சொந்த முயற்சியில் கொண்டுவந்தார்கள். முதல் பருவத் தேர்வில் வந்த கேள்வி, 'கணிமைச் சிந்தனையின் நான்கு கூறுகளை எழுதி விளக்குக. 5 மதிப்பெண்.' பிள்ளைகள் எழுதினார்கள். மனப்பாடம் செய்து, கமா புள்ளி மாறாமல் எழுதினார்கள். அதே பிள்ளைகளிடம், பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கு வருவதற்கு ஒருவர் எழுதிய ஏழு வரி வழிக்குறிப்பைக் கொடுத்து, எந்த வரி தப்பு என்று கேட்டேன். குறிப்பை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார்கள். ஒருவர்கூட விரலை வைத்து வழியில் நடந்து பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஓட்டிப் பார்க்க யாரும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையை நினைவுபடுத்த வேண்டும். 1967-இல் வாலி ஃபோயர்சைக், சிமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் பிள்ளைகளுக்கென்று லோகோ என்ற நிரல் மொழியை உருவாக்கினார்கள். திரையில் ஓர் ஆமை. 'முன்னே 100, வலப்புறம் 90' என்று நான்கு தடவை சொன்னால் சதுரம் வரும். சமபக்க முக்கோணம் வரையச் சொல்லுங்கள், அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் 90-க்குப் பதில் 60 போடுவார்கள். முக்கோணத்தின் கோணம் 60 என்றுதானே புத்தகத்தில் இருக்கிறது? ஆமையோ பாதி அறுகோணத்தை வரைந்துவிட்டு நிற்கும். பிள்ளை எழுந்து தானே ஆமையாக நடந்து பார்த்தால்தான் தெரியும், ஆமை திரும்புவது உட்கோணத்தில் அல்ல, வெளிக்கோணத்தில். 120 பாகை திரும்ப வேண்டும். வெளிக்கோணத்தை இதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கிற பாடத்தை நான் பார்த்ததில்லை.

லோகோ பள்ளிகளுக்குள் வந்தபோது, நிரல் எழுதினாலே பிள்ளைகளின் சிந்தனை தானாகக் கூர்மையாகிவிடும் என்று பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. ராய் பீ, மிடியன் கர்லண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1984-இல் வெளிவந்த முடிவு ஏமாற்றம் தந்தது. ஒரு வருடம் லோகோ படித்த பிள்ளைகளும் படிக்காத பிள்ளைகளும், வகுப்பறை வேலைகளைத் திட்டமிடச் சொன்னபோது ஒரே மாதிரிதான் செய்தார்கள். பலர் அத்தோடு நம்பிக்கை இழந்தார்கள். ஆனால் 1988-இல் டேவிட் க்ளார், ஷாரன் கார்வர் என்ற ஆய்வாளர்கள் வேறொன்றைக் காட்டினார்கள். லோகோவோடு சேர்த்து, பிழை தேடுவது எப்படி என்பதையே அவர்கள் படிப்படியாகக் கற்றுக்கொடுத்தார்கள். நினைத்தது என்ன, வந்தது என்ன, வித்தியாசம் எப்படிப்பட்டது, அது எந்த வரியில் பிறந்திருக்கும், திருத்திவிட்டு மறுபடி ஓட்டு. அப்படிக் கற்ற பிள்ளைகள், கம்ப்யூட்டரே சம்பந்தப்படாத, தாளில் எழுதிய வழிமுறைகளில் இருந்த பிழைகளையும் முன்பைவிட நன்றாகக் கண்டுபிடித்தார்கள்.

உங்களிடம் நான் கேட்க வந்தது இந்த இரண்டு ஆய்வுகளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. கோடிங் வகுப்பு வைத்தாலே சிந்தனை வளர்ந்துவிடும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். பிழை தேடுவதை ஒரு பாடமாக, பெயர் சொல்லி, நேரம் ஒதுக்கிக் கற்றுத்தரச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதைச் சுற்றி அமையட்டும்.

இது கணக்குக்கு மட்டும் உரியதென்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் பள்ளித் தமிழாசிரியர் ஒருநாள் ஓய்வறையில் என் கணக்கு வகுப்புக் கதையைக் கேட்டுவிட்டு, "இதையே நான் சொற்புணர்ச்சி இலக்கணத்துல செய்யலாமே" என்றார். செய்தும் காட்டினார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.

உடம்படுமெய் விதியைப் பிள்ளைகளே ஒரு படிமுறையாக எழுத வேண்டும், அதுதான் வேலை. நிலைமொழி (முதல் சொல்) உயிரில் முடிந்து வருமொழி (அடுத்த சொல்) உயிரில் தொடங்கினால், முடிவு இ, ஈ, ஐ என்றால் நடுவில் ய் போடு. மற்ற உயிர் என்றால் வ் போடு. ஏ என்றால் இரண்டில் எதுவும் வரலாம். ஒரு குழு விதி எழுதியது, இன்னொரு குழு 'இயந்திரம்'. இயந்திரம் சொந்தப் புத்தியைப் பயன்படுத்தவே கூடாது, எழுதியிருப்பதை மட்டும் செய்ய வேண்டும். மணி, அடித்தது: மணியடித்தது. மா, இலை: மாவிலை. பசு, எல்லாம்: பசுவெல்லாம். கைதட்டல். அடுத்த சீட்டு: காடு, எல்லாம். இயந்திரம் முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னது, "காடுவெல்லாம்."

வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. "காதுக்குத் தப்புன்னு தெரியுது. விதியில எங்க தப்பு?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த இருபது நிமிடம் நான் பார்த்தது எனக்கு மறக்காது. ஒரு குழு, 'உ வந்தால் அதை எடுத்துவிடு' என்று புது வரி சேர்த்தது. காடெல்லாம் சரியாக வந்தது. உடனே இன்னொரு பெண், "அப்ப பசு?" என்றாள். பசெல்லாம்! புது விதி பழைய சரியான விடையை உடைத்துவிட்டது. மறுபடி தேடல். உகரத்தில் முடிகிற சொற்களையெல்லாம் பலகையில் இரண்டாகப் பிரித்து எழுதினார்கள். பசு, கொசு, தெரு ஒரு பக்கம், காடு, பந்து, ஆறு மறுபக்கம். கடைசியில் ஒரு பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "முன்னால ஒரே ஒரு குறில் மட்டும் இருந்தா உ போகாது சார், மத்ததுல போயிடுது."

குற்றியலுகரம், முற்றியலுகரம் என்ற சொற்களை ஆசிரியர் அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினார். வரையறையாக வந்திருந்தால் மறுநாளே மறந்திருக்கும். தாங்களே தேடிக் கண்டுபிடித்த ஒன்றுக்குப் பெயராக வந்ததால் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எந்த விதியை முதலில் சோதிக்க வேண்டும், ஒன்றைத் திருத்தும்போது ஏற்கெனவே சரியாக இருந்ததை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற இரண்டையும் அவர்கள் இலக்கண வகுப்பில் கற்றுக்கொண்டார்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள் தினமும் செய்கிற வேலை அது.

ஆனால் இருபது நிமிடம் ஆயிற்று என்பதைக் கவனியுங்கள். நேரடியாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் நான்கு நிமிடம். அந்தப் பதினாறு நிமிடத்தை உங்கள் பாடத்திட்டம் எங்கிருந்து தரப்போகிறது? இருக்கிற பாடச்சுமையின் மேல் இதையும் ஏற்றி வைத்தால், ஆசிரியர் முதலில் வெட்டுவது அந்தப் பதினாறு நிமிடத்தைத்தான். நானும் அதையே செய்வேன், தேர்வுக்கு முன்னால் பாடத்தை முடிக்க வேண்டுமே. ஆகவே எதைச் சேர்க்கிறீர்கள் என்ற பட்டியலோடு எதை எடுக்கிறீர்கள் என்ற பட்டியலையும் சேர்த்தே வெளியிடுங்கள். கணக்கில் என்னைக் கேட்டால், ஒரே மாதிரியான நீண்ட பெருக்கல், வகுத்தல் பயிற்சிகளில் பாதியை எடுத்துவிடலாம். முறை புரிந்த பிள்ளைக்குப் பத்துக் கணக்குப் போதும், நாற்பது வேண்டாம்.

தனிப்பாடமா, எல்லாப் பாடத்திலும் கலப்பதா என்ற விவாதம் உங்கள் குழுவில் கட்டாயம் வரும். இரண்டு வழியிலும் நாடுகள் போயிருக்கின்றன. இங்கிலாந்து 2014-இல் ஐசிடி என்ற பழைய தகவல் தொழில்நுட்பப் பாடத்தை எடுத்துவிட்டு, ஐந்து வயதிலிருந்து கம்ப்யூட்டிங்கைத் தனிப்பாடமாக்கியது. பின்லாந்து 2016-இலிருந்து கணக்குக்குள்ளும் கைவேலைக்குள்ளும் நிரலாக்கத்தை வைத்தது. ஜப்பான் 2020-இல் தொடக்கப் பள்ளிகளில் கட்டாயமாக்கியபோது தனிப்பாடம் உருவாக்கவில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கில் ஒழுங்கு பலகோணம் வரையும்போது நிரலைப் பயன்படுத்தலாம், ஆறாம் வகுப்பு அறிவியலில் மின்சாரப் பாடத்தில் பயன்படுத்தலாம் என்று இடத்தைச் சுட்டிக் காட்டியது. என் கருத்து: ஐந்தாம் வகுப்புவரை கலந்தே இருக்கட்டும், ஆறிலிருந்து நிரலாக்கத்துக்கு வாரம் ஒரு தனி வகுப்பு வேண்டும். கலப்பதென்றால் ஜப்பான் செய்ததுபோல இந்த வகுப்பு, இந்தப் பாடம், இந்தப் பயிற்சி என்று எழுதுங்கள். 'எல்லாப் பாடங்களிலும் ஒருங்கிணைக்கப்படும்' என்று பொதுவாக எழுதினால் எல்லாரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள்.

கருவிகளைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. கம்ப்யூட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தொடங்கலாம். நியூசிலாந்தில் டிம் பெல்லும் அவருடைய நண்பர்களும் கம்ப்யூட்டர் இல்லாமலே கணினியியல் கற்றுத்தரும் விளையாட்டுகளை உருவாக்கி எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளையாக உள்ள அட்டைகளைப் பிள்ளை தன் விருப்பப்படி ஐந்துக்கு ஐந்தாக அடுக்கும். நான் 'இன்னும் கொஞ்சம் கடினமாக்கலாம்' என்று ஒரு வரிசையும் ஒரு நெடுவரிசையும் சேர்ப்பேன். பிறகு திரும்பி நிற்பேன், யாரோ ஓர் அட்டையைப் புரட்டுவார்கள். திரும்பிப் பார்த்தவுடனே எது என்று சொல்லிவிடுவேன். மந்திரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நெடுவரிசையிலும் கறுப்பு இரட்டைப்படையில் வரும்படி நான் அட்டைகளைச் சேர்த்திருப்பேன். ஒற்றைப்படையான வரிசையும் நெடுவரிசையும் சந்திக்கிற இடத்தில் பிழை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தகவல் போகும்போது பிழையைக் கண்டுபிடிக்கிற முறைகளில் ஒன்று இது. அட்டைகளுக்கு ஆகிற செலவைத் தவிர வேறு செலவில்லை.

தேர்வு. இங்கேதான் எல்லாம் நிலைக்கும் அல்லது போகும், ஏனென்றால் எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தான் நாங்கள் சொல்லிக்கொடுப்போம். வரையறை கேட்கும் கேள்வியே இந்தப் பகுதியில் வரக் கூடாது என்று வினாத்தாள் விதியில் எழுதிவிடுங்கள். பழுதான ஒரு வழிமுறையைக் கொடுத்து, எந்த உள்ளீட்டுக்கு அது தப்பான விடை தரும் என்று கேட்கலாம். திருத்தச் சொல்லலாம். திருத்தியதால் வேறெதுவும் உடைந்ததா என்று கேட்கலாம். 2004-இல் லிதுவேனியாவில் வாலன்டினா டாகியேனே தொடங்கி, இன்று பல நாடுகளில் நடக்கும் பெப்ராஸ் போட்டியின் கேள்விகளைப் பாருங்கள். முன்னறிவு எதுவும் தேவைப்படாத சின்னச் சின்னப் புதிர்கள், ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் கணினியியலின் ஒரு கருத்து ஒளிந்திருக்கும். இன்னொன்றும் கேட்கிறேன்: பிள்ளையின் முதல் முயற்சி, கண்டுபிடித்த பிழை, திருத்திய வடிவம் மூன்றும் இருக்கிற நோட்டுக்கு அகமதிப்பீட்டில் மதிப்பெண் கொடுங்கள். இப்போது பிள்ளைகள் தப்பை ரப்பரால் அழித்துவிட்டுத்தான் என்னிடம் நோட்டைக் கொண்டுவருகிறார்கள். நான் பார்க்க விரும்புவது அழித்த அந்த வரியைத்தான்.

அடுத்தது ஆசிரியர்கள். இங்கிலாந்தில் நடந்ததை மறுபடி சொல்கிறேன். 2012-இல் அந்நாட்டு அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி பள்ளிக் கம்ப்யூட்டிங் பற்றித் தந்த அறிக்கை, 2014-இல் புதிய பாடத்திட்டம். 2017-இல் அதே ராயல் சொசைட்டி திரும்பிப் போய்ப் பார்த்தபோது, பல ஆசிரியர்கள் தன்னம்பிக்கையோடு சொல்லிக்கொடுக்கும் நிலையில் இல்லை, பள்ளிக்குப் பள்ளி பெரிய ஏற்றத்தாழ்வு என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான், 2018-இல், ஏறக்குறைய 8.4 கோடி பவுண்டு ஒதுக்கி ஆசிரியர் பயிற்சிக்கென்று தேசிய மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் நான்கு வருடம் கழித்துச் செய்ததை நாம் நான்கு வருடம் முன்னால் செய்யலாமே.

நான் போன பயிற்சி ஒன்று ஒருநாள் நடந்தது. காலையிலிருந்து மாலைவரை திரையில் ஸ்லைடு ஓடியது. நாங்கள் யாரும் ஒரு விதியும் எழுதவில்லை, ஒரு பிழையும் தேடவில்லை. சான்றிதழோடு வீட்டுக்கு வந்தேன். நான் உண்மையில் கற்றுக்கொண்டது அந்தத் தமிழாசிரியரோடு உட்கார்ந்து, அவர் வகுப்பை நானும் என் வகுப்பை அவரும் பார்த்து, சாயங்காலம் பேசியபோதுதான். ஆகவே பயிற்சிப் பணத்தின் பெரும்பகுதியை இதற்குத் திருப்புங்கள்: ஒரே பள்ளியில் இரண்டு வெவ்வேறு பாட ஆசிரியர்களுக்கு, வாரம் ஒரு பீரியட், ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்க அனுமதியும் நேரமும். ஒரு வருடம் தொடர்ந்து. இலக்கண ஆசிரியரும் கணக்கு ஆசிரியரும் பேசிக்கொண்டாலே கணிமைச் சிந்தனையில் பாதி வந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும்போது பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று உங்களிடம் கேட்பவர்கள் இருப்பார்கள். இயந்திரம் எழுதித் தருவது சரியா என்று யார் பார்ப்பது? பார்க்கவே சரியாக இருக்கிற ஒன்றில் எங்கே தப்பு என்று தேடுகிற பழக்கம் முன்பைவிட இப்போதுதான் அதிகம் வேண்டும். ஏழு வரி வழிக்குறிப்பை வாசித்துவிட்டு 'எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்று சொன்ன அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இந்தக் கேள்விக்கு வேறு பதில் தோன்றவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வரைவு தயாரானதும் அதை அச்சுக்கு அனுப்பும் முன், குழுவில் உள்ள ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு சாதாரணப் பள்ளியில், ஒரு வாரம், ஒரே வகுப்பில் அதை நடத்திப் பாருங்கள். முப்பது, நாற்பது பிள்ளைகள், ஒரு பலகை, நாற்பது நிமிடம். வரைவு எந்த இடத்தில் உடைகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். எங்கள் பள்ளிக்கு வந்தால் மூன்றாம் வகுப்பை நான் விட்டுத்தருகிறேன். வரும்போது அந்தக் கழித்தல் கணக்குகளைக் கொண்டுவாருங்கள், பிள்ளைகளிடம் விடையைச் சொல்லிவிடாமல் ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள்.

அன்புடன்,
ஒரு கணக்கு ஆசிரியை